உபுண்டுவில் ‘டெம்ப்ளேட்ஸ்’ போல்டரை உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உபுண்டுவில் ஹோம் போல்டரைத் திறந்தால் டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றோடு டெம்ப்ளேட்ஸ் என்று ஒரு போல்டரும் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்யாமல் மூடிவிடுவார்கள். சிலர் அழித்தே விடுவார்கள். ஒரே மாதிரியான கடிதம், பில், வருகைப் பதிவேடு என்று திரும்பத் திரும்பத் தயாரிப்பவர்களுக்கு அது நிறைய வேலையை மிச்சப்படுத்தும். உபுண்டுவில் வழக்கமாக வரும் குனோம் டெஸ்க்டாப், அதன் ஃபைல்ஸ் செயலி, கடிதம், கணக்குத் தாள் தயாரிக்கும் லிப்ரேஆபிஸ் மூன்றையும் வைத்துத்தான் இங்கே பதில்கள்.

அந்த போல்டர் எதற்குத்தான் இருக்கிறது?

அதில் ஒரு கோப்பைப் போட்டு வையுங்கள். பிறகு வேறு எந்த போல்டருக்குள் போய் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்தாலும் ‘நியூ டாக்குமென்ட்’ என்ற வரி வரும். அதன் மேல் போனால் நீங்கள் போட்ட கோப்பின் பெயர் இருக்கும். அதைத் தட்டினால் அந்தக் கோப்பின் நகல் ஒன்று நீங்கள் நிற்கும் போல்டரிலேயே உருவாகும். அவ்வளவுதான் அதன் வேலை.

செயலியைத் திறந்து, பழைய கடிதத்தைத் தேடி, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, சரியான போல்டரைக் கண்டுபிடித்து, பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் வைக்கும் சடங்கு இதனால் மிச்சம். பழைய கடிதத்தின் மேலேயே தெரியாமல் சேமித்துவிடும் ஆபத்தும் இல்லை.

வலது கிளிக் செய்தால் ‘நியூ டாக்குமென்ட்’ வரவே இல்லையே?

டெம்ப்ளேட்ஸ் போல்டர் காலியாக இருந்தால் குனோம் அந்த வரியைக் காட்டாது. பலர் இப்படி ஒரு வசதி இருப்பதையே அறியாமல் போவதற்கு இதுதான் காரணம். என்னைக் கேட்டால் இது மோசமான வடிவமைப்பு. லினக்ஸ் மின்ட்டில் வரும் நீமோ, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் வரும் துனார் ஆகிய கோப்பு மேலாளர்கள் வெற்றுக் கோப்பு உருவாக்கும் வரியையாவது எப்போதும் காட்டும்.

டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து, எதுவும் எழுதாமல், ‘வெற்றுக் குறிப்பு’ என்று பெயர் கொடுத்து டெம்ப்ளேட்ஸ் போல்டரில் சேமியுங்கள். மெனு வந்துவிடும். போல்டர் முழுக்கக் கோப்புகள் நிரம்பி வலது கிளிக் செய்ய வெற்றிடமே இல்லையென்றால், எதையும் தேர்வு செய்யாமல் ஷிப்ட்+எஃப்10 அழுத்திப் பாருங்கள்.

லிப்ரேஆபிஸிலும் டெம்ப்ளேட் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

டெம்ப்ளேட்ஸ் போல்டர் செய்வது வெறும் நகலெடுப்பு. உள்ளே இருப்பது கடிதமா, படமா, பைத்தான் நிரலா என்று ஃபைல்ஸ் செயலிக்கு அக்கறை இல்லை. நகல் எடுத்த நொடியிலிருந்து அசலுக்கும் நகலுக்கும் எந்த உறவும் கிடையாது. நாளைக்கு அசலில் கடிதத் தலைப்பை மாற்றினால், ஏற்கெனவே எடுத்த நகல்கள் அப்படியே இருக்கும்.

லிப்ரேஆபிஸின் டெம்ப்ளேட் வேறு. ஃபைல் மெனுவில் டெம்ப்ளேட்ஸ், அதற்குள் ‘சேவ் ஆஸ் டெம்ப்ளேட்’ என்று சேமிப்பது அது. கன்ட்ரோல்+ஷிப்ட்+என் அழுத்தினால் அந்தப் பட்டியல் திறக்கும். அதிலிருந்து உருவாக்கிய ஆவணம், தான் எந்த டெம்ப்ளேட்டிலிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும். பின்னாளில் டெம்ப்ளேட்டின் எழுத்துரு, தலைப்பு அளவு போன்ற ஸ்டைல்களை மாற்றினால், பழைய ஆவணத்தைத் திறக்கும்போது ‘டெம்ப்ளேட் மாறியிருக்கிறது, ஸ்டைல்களைப் புதுப்பிக்கட்டுமா?’ என்று கேட்கும். புதுப்பிக்கச் சொன்னால் தோற்றம் மாறும். பழையதே போதும் என்று சொல்லிவிட்டால் அந்த உறவு அத்தோடு அறுந்துபோகும், மறுபடி கேட்காது. இதில் புதுப்பிக்கப்படுவது ஸ்டைல் மட்டும்தான். டெம்ப்ளேட்டில் முகவரியை மாற்றினால் பழைய கடிதங்களில் முகவரி மாறாது.

எதை எப்போது பயன்படுத்துவது? எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிடும் சின்ன ஆவணங்களுக்கு டெம்ப்ளேட்ஸ் போல்டர்: விடுப்புக் கடிதம், பில், கூட்டக் குறிப்பு. பல மாதம் உயிரோடு இருக்கப்போகும், ஒரே தோற்றத்தில் இருந்தாக வேண்டிய ஆவணங்களுக்கு லிப்ரேஆபிஸ் டெம்ப்ளேட்: ஆய்வறிக்கை அத்தியாயங்கள், ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கைகள், பாடக் குறிப்புகள்.

லிப்ரேஆபிஸ் டெம்ப்ளேட்டாகச் சேமித்த கோப்பையே டெம்ப்ளேட்ஸ் போல்டரில் போடலாமா?

போடாதீர்கள். வலது கிளிக்கில் உங்களுக்குக் கிடைப்பது இன்னொரு டெம்ப்ளேட் கோப்பாகத்தான் இருக்கும். அதைத் திறந்தால் லிப்ரேஆபிஸ் ‘அன்டைட்டில்ட்’ என்று பெயரில்லாத புது ஆவணம் ஒன்றைக் காட்டும். எழுதிச் சேமிக்கும்போது பெயரும் இடமும் மறுபடி கேட்கும். கடைசியில் போல்டரில் இரண்டு கோப்புகள் கிடக்கும், ஒன்று தேவையே இல்லாதது.

சேமிக்கும்போது வகைப் பட்டியலில் ‘ஓடிஎஃப் டெக்ஸ்ட் டாக்குமென்ட்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே பின்னால் ‘டெம்ப்ளேட்’ ஒட்டிக்கொண்டு இன்னொரு வரி இருக்கும், அது வேண்டாம். வேர்டு பயன்படுத்துபவர்களுக்கே அனுப்புவதாக இருந்தால் வேர்டு வடிவத்திலேயே சேமித்து வைக்கலாம்.

தமிழ்க் கடிதத்துக்கு ஒரு நல்ல டெம்ப்ளேட் எப்படி உருவாக்குவது?

முதலில் தாள் அளவு. கணினியின் வட்டார அமைப்பு (மொழி, நாடு) அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தால் லிப்ரேஆபிஸ் ‘லெட்டர்’ அளவில் திறக்கும். நம் ஊர் பிரிண்டரில் இருப்பதோ ஏ4. ஃபார்மேட் மெனுவில் பேஜ் ஸ்டைலைத் திறந்து ஏ4 ஆக்கிவிடுங்கள். பிரிண்ட் எடுக்கும்போது கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

அடுத்தது எழுத்துரு. இங்கேதான் தமிழில் எழுதுபவர்கள் தடுமாறுகிறார்கள். லிப்ரேஆபிஸ் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஆங்கிலம் போன்ற மேற்கத்திய எழுத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற சிக்கலான எழுத்துக்கு இன்னோர் எழுத்துரு என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. அளவும் தனித்தனி. மேற்கத்திய பெட்டியில் போய் எழுத்துருவை மாற்றிவிட்டு, தமிழ் அப்படியே இருக்கிறதே என்று தலையைச் சொறிவோம்.

டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸைத் திறந்து, மொழி அமைப்புகளுக்குள் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதற்கு டிக் போட்டு, பக்கத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆவணத்தில் எஃப்11 அழுத்தினால் பக்கவாட்டில் ஸ்டைல் பட்டியல் வரும். ‘டீஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல்’ மேல் வலது கிளிக் செய்து திருத்தப் போங்கள். ஃபான்ட் பக்கத்தில் சிடிஎல் அல்லது காம்ப்ளெக்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் என்று உங்களுக்குப் பிடித்ததை வையுங்கள். ஒரே அளவு கொடுத்தால் பல எழுத்துருக்களில் தமிழ் ஆங்கிலத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஆங்கிலத்துக்கு 12 என்றால் தமிழுக்கு 11 அல்லது 10.5 கொடுத்துப் பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த வரிகளில் வரி இடைவெளி ஏறி இறங்கினால், அதே ஸ்டைலில் வரி இடைவெளியை ‘ஃபிக்ஸ்ட்’ ஆக்கி ஓர் அளவைக் கொடுத்துவிடுங்கள், அடங்கிவிடும்.

எழுத்தைத் தேர்வு செய்து மேலே இருக்கும் பட்டையில் எழுத்துருவை மாற்றுவது அந்த எழுத்துக்கு மட்டும்தான் பொருந்தும். டெம்ப்ளேட்டுக்கு அது போதாது. ஸ்டைலில் மாற்றினால்தான் புதிதாகத் தட்டும் ஒவ்வொரு பத்திக்கும் வரும்.

அப்புறம், நிரப்ப வேண்டிய இடங்கள். ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’, ‘பொருள்’ என்பவற்றுக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கோடு போட்டு வைப்பதைவிட, கன்ட்ரோல்+எஃப்2 அழுத்தி ஃபங்ஷன்ஸ் பகுதியில் ‘ப்ளேஸ்ஹோல்டர்’ சேருங்கள். ‘பெறுநர் பெயர்’ என்று அது சாம்பல் நிறத்தில் நிற்கும். அதன் மேல் கிளிக் செய்து தட்டினால் அது மறைந்து நீங்கள் தட்டியது வரும். புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்கும் வேலை இல்லை.

டெம்ப்ளேட்டில் தேதி தானாக வருமாறு வைக்கலாமா?

ஜாக்கிரதை. லிப்ரேஆபிஸில் கடிதம் எழுதும் செயலியான ரைட்டரில் தேதிப் புலம் (ஃபீல்டு) இரண்டு வகை. ஒன்று மாறிக்கொண்டே இருக்கும்: ஜூன் மாதம் அனுப்பிய கடிதத்தை டிசம்பரில் திறந்தால் டிசம்பர் தேதி காட்டும். அலுவலகக் கோப்பில் இருக்கும் கடிதத்துக்கு இது ஆகாது. இன்னொன்று ‘ஃபிக்ஸ்ட்’: டெம்ப்ளேட்டில் வைத்தால், நீங்கள் டெம்ப்ளேட் தயாரித்த நாளிலேயே உறைந்து நிற்கும்.

லிப்ரேஆபிஸ் டெம்ப்ளேட்டாக இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. அதே கன்ட்ரோல்+எஃப்2 பெட்டியில் ‘டாக்இன்ஃபர்மேஷன்’ பகுதியில் ‘கிரியேட்டட்’ என்பதில் தேதியைத் தேர்ந்தெடுங்கள். டெம்ப்ளேட்டிலிருந்து புது ஆவணம் உருவாகும் நாள் அதில் பதிவாகும், பிறகு மாறாது.

டெம்ப்ளேட்ஸ் போல்டர் வழியாக நகலெடுத்தால் இந்த வித்தை பலிக்காது. நகலுக்குள் அசல் உருவான தேதியே அப்படியே வந்துவிடும். அங்கே தேதிக்கு ஒரு ப்ளேஸ்ஹோல்டர் வைத்துவிட்டு கையால் தட்டுவதுதான் உத்தமம்.

பில், கணக்குத் தாள்களுக்கு?

லிப்ரேஆபிஸின் கணக்குத் தாள் செயலியான கால்க்கிலும் இதே கதைதான். தேதிக் கட்டத்தில் ‘டுடே’ சூத்திரம் போட்டு வைக்காதீர்கள். பில் தேதி தினமும் மாறும், ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும்போது வம்பு. கட்டத்தில் நின்று கன்ட்ரோலோடு அரைப்புள்ளி விசையை அழுத்தினால் இன்றைய தேதி நிலையாக விழும். தொகைக் கட்டங்களின் வடிவத்தில் மொழியை இந்திய ஆங்கிலம் என்று வைத்தால் 1,00,000 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி விழும். இல்லாவிட்டால் 100,000 என்று வரும்.

பில் எண்ணை அடுத்தடுத்துத் தானாக ஏற்றித் தரும் திறமை இந்த போல்டருக்குக் கிடையாது. அதை எதிர்பார்த்தால் பில்லிங் மென்பொருள் பக்கம் போவதே நல்லது.

நகலெடுத்த ஆவணத்தில் வேறு யாரோ பெயர் ஆசிரியர் என்று வருகிறது. எப்படி?

டெம்ப்ளேட்டை யார் தயாரித்தார்களோ அவர்கள் பெயர்தான். கோப்பை நகலெடுக்கும்போது உள்ளே இருக்கும் விவரங்களும் சேர்ந்தே வரும்: உருவாக்கியவர், உருவாக்கிய தேதி, எத்தனை முறை திருத்தப்பட்டது, எவ்வளவு நேரம் திருத்தப்பட்டது எல்லாமே. நண்பர் கொடுத்த பயோடேட்டாவை அப்படியே டெம்ப்ளேட்டாக்கி வேலைக்கு விண்ணப்பித்தால், அவர் பெயரோடு போய்ச் சேரும்.

டெம்ப்ளேட்டைத் திறந்து ஃபைல் மெனுவில் ப்ராபர்ட்டீஸ் போங்கள். ‘அப்ளை யூசர் டேட்டா’ டிக்கை எடுத்துவிட்டு ‘ரீசெட் ப்ராபர்ட்டீஸ்’ அழுத்தி, பிறகு சேமியுங்கள்.

மெனு நீளமாகிவிட்டது. எப்படி ஒழுங்குபடுத்துவது?

டெம்ப்ளேட்ஸ் போல்டருக்குள் ‘பள்ளி’, ‘கடை’, ‘வீடு’ என்று துணை போல்டர்கள் போடுங்கள். ஒவ்வொன்றும் மெனுவில் ஒரு துணை மெனுவாக வரும். கோப்பின் பெயரே மெனுவில் தெரிவதால் ‘டெம்ப்ளேட் பைனல் புதியது 2’ போன்ற பெயர்களைத் தவிருங்கள். அந்தப் பெயரேதான் புதுக் கோப்புக்கும் வரும்.

என் கருத்து, ஏழெட்டுக்கு மேல் வைத்தால் பயனில்லை. மாதத்தில் ஒரு தடவைகூடத் தொடாத கோப்பு அங்கே எதற்கு? அதேபோல முகவரி, கையெழுத்துப் பகுதி போன்ற நாலு வரிச் சமாசாரத்துக்கு முழு டெம்ப்ளேட் தேவையில்லை. ரைட்டரில் அந்த வரிகளைத் தேர்வு செய்து கன்ட்ரோல்+எஃப்3 அழுத்தி ஆட்டோடெக்ஸ்டாக ஒரு சுருக்கப் பெயரோடு சேமியுங்கள். பிறகு எந்த ஆவணத்திலும் அந்தச் சுருக்கப் பெயரைத் தட்டி எஃப்3 அழுத்தினால் முழு முகவரியும் வந்து நிற்கும்.

ஒரு போல்டர் அமைப்பையே டெம்ப்ளேட் ஆக்க முடியுமா?

நேரடியாக முடியாது. துணை போல்டர் என்றால் துணை மெனு என்றுதான் ஃபைல்ஸ் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த போல்டர்களை ஒரு ஜிப் கோப்பாகச் சுருக்கி டெம்ப்ளேட்ஸில் போட்டு வைக்கலாம். தேவைப்படும் இடத்தில் ஜிப்பை நகலெடுத்து, விரித்து, ஜிப்பை அழித்துவிடுங்கள். புகைப்படக்காரர் ஒருவர் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ‘அசல்’, ‘தேர்ந்தவை’, ‘ஆல்பம்’, ‘வீடியோ’ என்று போல்டர் போடுகிறார் என்றால் இது போதும்.

டெஸ்க்டாப் மொழியைத் தமிழுக்கு மாற்றியதும் டெம்ப்ளேட் எல்லாம் காணோம்!

காணாமல் போகவில்லை. மொழியை மாற்றிவிட்டு உள்நுழையும்போது, வழக்கமான போல்டர்களின் பெயரையும் புது மொழிக்கு மாற்றட்டுமா என்று குனோம் ஒரு கேள்வி கேட்கும். சரி என்று சொல்லியிருப்பீர்கள். அது தமிழ்ப் பெயரில் புது போல்டர்களை உருவாக்கும், ஆனால் பழைய போல்டரில் இருப்பவற்றை நகர்த்தாது. அந்தக் கேள்விப் பெட்டியிலேயே இது எழுதியிருக்கும், யார் படிக்கிறார்கள்? பழைய டெம்ப்ளேட்ஸ் போல்டரில் இருப்பவற்றை வெட்டி, தமிழ்ப் பெயர் கொண்ட புது போல்டரில் ஒட்டுங்கள்.

போல்டரைத் தவறுதலாக அழித்துவிட்டேன். அதே பெயரில் மறுபடி உருவாக்கியும் மெனு வரவில்லை.

பெயர் முக்கியமில்லை, பதிவுதான் முக்கியம். எந்த போல்டர் டெம்ப்ளேட்ஸ் போல்டர் என்பதை ஒரு சின்ன உரைக் கோப்பு சொல்கிறது. ஹோம் போல்டரில் கன்ட்ரோல்+ஹெச் அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். ‘கான்ஃபிக்’ என்று புள்ளியில் தொடங்கும் போல்டருக்குள் ‘யூசர்-டிர்ஸ்’ என்று தொடங்கி ‘டிர்ஸ்’ என்றே முடியும் கோப்பு அது. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டெம்ப்ளேட்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும்.

டெம்ப்ளேட்ஸ் போல்டரை அழித்துவிட்டு மறுபடி உள்நுழைந்தால், போல்டர் இல்லை என்று பார்த்து, அந்த வரியை ஹோம் போல்டரையே காட்டுமாறு கணினி மாற்றிவிடும். ஹோம் போல்டரைக் காட்டும் வரியை ஃபைல்ஸ் செயலி டெம்ப்ளேட்ஸாகக் கருதாது. எனவே போல்டரை முதலில் உருவாக்கிவிட்டு, அந்த வரியில் ஹோமுக்குப் பின் வரும் சாய்கோட்டை அடுத்து போல்டரின் பெயரை எழுதிச் சேமியுங்கள். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் சரியாகிவிடும். மேற்கோள் குறிகளை அழித்துவிடாதீர்கள்.

அந்த வரியை மாற்றி, அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவான நெட்வொர்க் போல்டரைக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் மேலே சொன்ன அதே சிக்கல் வரும். உள்நுழையும் நேரத்தில் நெட்வொர்க் போல்டர் இணைக்கப்படாமல் இருந்தால், போல்டரே இல்லை என்று எடுத்துக்கொண்டு வரியை மாற்றிவிடும். நெக்ஸ்ட்கிளவுட், சிங்திங் போன்ற ஒன்றால் ஒத்திசைக்கப்படும், உள்ளூர் வட்டிலேயே இருக்கும் போல்டரைக் காட்டுவது பாதுகாப்பு.

லிப்ரேஆபிஸ் டெம்ப்ளேட்டுகளுக்கு வேறு வழி: ஆப்ஷன்ஸில் ‘பாத்ஸ்’ பகுதியில் டெம்ப்ளேட்ஸ் என்பதற்குப் பொது போல்டரையும் சேர்த்துவிடலாம்.

எங்களிடம் பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டிய பழைய மாதிரிக் கடிதங்கள் நிறைய உள்ளன. அப்படியே போடலாமா?

யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் கூளம்தான் தெரியும், தேடவும் முடியாது. மாற்றிக் கொடுக்கும் இலவசக் கருவிகள் உள்ளன. ஒரு தடவை மாற்றி, ஒற்றெழுத்துகளைச் சரிபார்த்து, நல்ல ஸ்டைலோடு டெம்ப்ளேட் ஆக்கினால் பிறகு அந்தத் தலைவலி இல்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களிடம் அனுப்பினால் எழுத்துரு மாறிவிடுகிறது.

அவர்களிடம் லதாவோ நிர்மலா யுஐயோ இருக்கும், உங்களுடைய லோஹித் இருக்காது. திருத்தத் தேவையில்லாத கடிதம் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். திருத்த வேண்டும், அவர்களும் லிப்ரேஆபிஸ்தான் என்றால் டெம்ப்ளேட்டின் ப்ராபர்ட்டீஸில் ஃபான்ட் பகுதியில் எழுத்துருவை ஆவணத்துக்குள்ளேயே பதித்துவிடலாம். கோப்பின் அளவு கூடும்.

கேடிஇ, விண்டோஸ், மேக் ஆகியவற்றில் இது உண்டா?

கேடிஇ டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளரான டால்பினில் ‘கிரியேட் நியூ’ மெனு உண்டு. சொந்தக் கோப்பைச் சேர்க்க, பெயர், ஐகான், அசல் எங்கே இருக்கிறது என்ற விவரம் கொண்ட ஒரு சின்னக் குறிப்புக் கோப்பை எழுதும் முறை அங்கே உண்டு. விண்டோஸின் ‘நியூ’ மெனு ரெஜிஸ்ட்ரியில் ‘ஷெல்நியூ’ என்ற பதிவிலிருந்து வருகிறது. அதைக் கையால் மாற்றுவது சாதாரணப் பயனருக்கு நான் பரிந்துரைக்கும் வேலையல்ல. மேக்கில் கோப்பின் ‘கெட் இன்ஃபோ’வில் ‘ஸ்டேஷனரி பேட்’ என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் நகல்தான் கிடைக்கும்.

கணினியைப் புதிதாக நிறுவப்போகிறேன். எதை எதை எடுத்து வைக்க வேண்டும்?

இரண்டு இடம். ஹோமில் இருக்கும் டெம்ப்ளேட்ஸ் போல்டர் ஒன்று. மற்றது லிப்ரேஆபிஸின் சொந்த டெம்ப்ளேட்டுகள்: மறைந்திருக்கும் அதே ‘கான்ஃபிக்’ போல்டருக்குள் லிப்ரேஆபிஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர், அதற்குள் டெம்ப்ளேட். லிப்ரேஆபிஸ் எத்தனையாவது பதிப்பாக இருந்தாலும் அந்த 4 அப்படியேதான் இருக்கும், குழம்ப வேண்டாம். ஸ்னாப் அல்லது ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதி வடிவங்களில் நிறுவியிருந்தால் இடம் மாறும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், பாத்ஸ் திறந்து பார்த்தால் உங்கள் கணினியில் எங்கே என்று தெரியும்.